மைதானத்தில் நடந்ததால்

ஜனவரி 4

டாக்டர் உத்தரவுப்படி இன்று முதல் நாட்குறிப்பு. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நடந்த தூரம், சாப்பிட்டது. இந்த மூன்றை மட்டும் தினமும் குறித்து மார்ச் கடைசியில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருமல் மருந்துப் படம் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘பேராசிரியர் ம. சுடலைமுத்து, வணிகவியல் துறைத் தலைவர்’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது, அதை ஊரே சொல்லும்.

முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பதிவியல் நடத்தியவனிடம் ஒரு பக்கத்துக்கு மூன்று எண் மட்டும் போடு என்றால் மிச்ச இடத்தை என்ன செய்வது? எழுதித்தான் தீர வேண்டும்.

சர்க்கரை 182. நடை இல்லை. இட்லி நான்கு. என் மனைவி செண்பகம் ஆறு என்கிறாள். அவளுக்கு எண்ண வராது.

ஜனவரி 6

சர்க்கரை 179. விரலில் ஊசி குத்துவது செண்பகம்தான். அதில் அவளுக்கு ஒரு தனி உற்சாகம். குத்திவிட்டு அடுப்படிக் காலண்டரில் ஏதோ குறித்துக்கொண்டாள். பால் கணக்காக இருக்கும்.

கல்லூரிச் செயலாளர் தங்கப்பழம் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். எண்ணெய் மில் முதலாளி. உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்து, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“சார், போன வருசம் நம்ம விளையாட்டுத் துறைக்கு ஆன செலவு பதினாலு லட்சத்து இருபதாயிரம். வரவு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். இது துறையா, ஓட்டக் குடமா? பக்கத்துல நாலு காலேஜ்ல எப்பிடி வரவு செலவு பண்ணுதாங்கன்னு பாத்து, ஒரு ஒப்பீட்டு அறிக்கை குடுங்க. மார்ச் பதினாலு நிர்வாகக் குழுவுல வைக்கணும்.”

“ஏன் அண்ணாச்சி, என்னைய?”

“நடுநிலையான ஆளு நீங்கதான். விளையாட்டப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுல்லா.”

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. பெண்கள் பூப்பந்து அணிக்குக் கல்லூரி இலவச விடுதி கொடுக்கிறது, பத்துப் பிள்ளைகள். முதலில் அதை நிறுத்த வேண்டும். “அந்த ஆட்டத்த எந்த டிவியில சார் காட்டுதான்?” என்று கேட்டார்.

எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆசிரியர் அறையில் விளையாட்டுத் துறைக்குச் ‘செலவுத் துறை’ என்று பெயர் வைத்ததே நான்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். ஜூனில் கல்லூரி நிதி அலுவலர் நாற்காலி காலியாகிறது. “யோசிச்சு வச்சிருக்கேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஜனவரி 8

சர்க்கரை 174. இனி நடை கல்லூரி மைதானத்தில். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்: உடம்புக்கு நடை, அறிக்கைக்கு நேரடி ஆய்வு. குளிருக்குப் பொன்விழாச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனேன். ஆறு வருடத்துக்கு முன் கல்லூரியின் பொன்விழாவுக்கு நிதிக்குழுத் தலைவர் நான். நாலாயிரம் பேருக்கு இலைபோட்டுச் சாப்பாடு. ஒதுக்கிய தொகையை ஒரு ரூபாய்கூடத் தாண்டாமல் முடித்துக் காட்டினேன் என்று மேடையில் அண்ணாச்சி கையால் போட்ட சால்வை இது. சரிகை இன்னும் மங்கவில்லை.

காலை ஆறு மணிக்கே அந்தப் பத்துப் பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள். உடற்கல்வி இயக்குநர் ஜெபக்கனி கழுத்தில் விசிலோடு நின்றார். இருபது வருடம் ஒரே கல்லூரியில் இருந்தும் அவரிடம் நான் பேசியது வணக்கம் மட்டும்தான்.

“மேடம், வருசத்துக்கு அறுநூறு பந்து வாங்கியிருக்கீங்க. அறுநூறு! பந்து எங்க போகுது?”

அவர் ஒரு பந்தை என் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றியது. ஈரமாக, தொளதொளவென்று இருந்தது.

“பனி குடிச்சிருச்சு சார். இனிமே இது பறக்காது. நல்ல நாள்லயே ரெண்டு ஆட்டம்தான் தாங்கும்.”

சும்மா ஒரு மட்டையை வாங்கி அடித்துப் பார்த்தேன். மட்டை மட்டும் போயிற்று, பந்து என் காலடியிலேயே கிடந்தது. ஒரு பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். பார்த்தால் என் இரண்டாம் ஆண்டு மாணவி முத்துப்பேச்சி. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவள். அணித் தலைவியாம். ஏன் தூங்குகிறாள் என்பது இப்போது தெரிந்தது.

நடை: மைதானம் இரண்டு சுற்று. 

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது. சர்க்கரை 148. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, அதுவும் சாமிக்குப் படைத்தது என்பதால்.

ஊசி குத்தியபின் செண்பகம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு காலண்டரில் எழுதப் போனாள். பண்டிகை நாளில் பால் கூடுதலாக வாங்கியிருப்பாள்.

ஜனவரி 20

பொறியியல் கல்லூரிக்குப் போய் வந்தேன். பெயர் எழுதவில்லை, அது ஆய்வு மரபு. உடற்கல்வி இயக்குநருக்குக் குளிர்சாதன அறை. முந்திரி பிஸ்கட் வைத்தார்கள், தொடவில்லை. (இரண்டு.)

விளையாட்டு வரவு முப்பத்தெட்டு லட்சம்! எப்படி என்று பார்த்தால் நீச்சல் குளத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, கிரிக்கெட் மைதானத்துக்கு ஞாயிறு வாடகை, விளக்குப் போட்டு மாலை வாடகை. மைதானத்தில் எது முளைத்தாலும் அது விளையாட்டுத் துறையின் வரவுதானாம். செலவு அறுபத்தொரு லட்சம். பயிற்சியாளர் சம்பளமும் அதற்குள். நம் ஜெபக்கனிக்குச் சம்பளம் அரசு தருகிறது, அதனால் நம் கணக்கில் அது வராது. இப்படி இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

“அப்பவும் இருபத்து மூணு லட்சம் இடிக்குதே?” என்றேன்.

“அது நஷ்டம் இல்ல சார், விளம்பரம். ஜெயிச்ச பையன் படத்தை காலேஜ் பஸ் பின்னாடி ஒட்டிட்டா அட்மிஷன் தானா வரும்” என்றார் அவர்.

எங்கள் கல்லூரிப் பேருந்தின் பின்னால் அண்ணாச்சி மில் எண்ணெய் விளம்பரம் இருக்கிறது.

ஜனவரி 23

சர்க்கரை 166. மூன்று சுற்று.

அரசுக் கல்லூரி. விளையாட்டுச் செலவு ஆண்டுக்கு எழுபதாயிரம். வரவு என்று ஒரு பத்தியே பேரேட்டில் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் தன் பைக்கில் வலைக் கம்பங்களைக் கட்டிக்கொண்டு போட்டிக்குப் போகிறார். வலை அவர் வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைத்தது. போன வருடம் கபடியில் அந்தப் பொறியியல் கல்லூரியைத் தோற்கடித்திருக்கிறார்கள். ஒரு வெற்றிக்கு ஆன செலவு என்று கணக்குப் போட்டால் இவர்கள்தான் மாநிலத்திலேயே பெரிய முதலாளிகள். அறிக்கையில் இதை ஒரு அட்டவணையாகப் போடலாம்.

அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் தன் பையிலிருந்துதான் கொடுத்தார் என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

ஜனவரி 27

சர்க்கரை 141.

நேற்று குடியரசு தினம். மைதானத்தில் கொடியேற்றம். எல்லோருக்கும் லட்டு, இரண்டாயிரத்து முந்நூறு. எனக்கு ஒன்று. தேசத்துக்காக.

கொடி ஏறி முடியுமுன்னே அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு வவுச்சரோடு ஜெபக்கனியிடம் போனார். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்தேன். லட்டு, கொடிக்கயிறு, ஒலிபெருக்கி, நாற்காலி வாடகை: முப்பத்தோராயிரம். கணக்குத் தலைப்பு: விளையாட்டுத் துறை.

“லட்டுக்கும் விளையாட்டுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“மைதானத்துல குடுத்தாங்கல்ல சார்” என்றார்.

பந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். யார் ஆரம்பித்த கூத்தோ தெரியவில்லை. கண்டுபிடித்து அறிக்கையில் கிழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 3

சர்க்கரை 158. ஐந்து சுற்று. ஐந்து!

மகளிர் கல்லூரி. கணக்கு வைத்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செலவு ஆறு லட்சம், வரவு ஐந்தரை லட்சம். வரவில் ‘தென்னை: 52,000’ என்று ஒரு வரி இருந்தது.

“தென்னை எப்படி விளையாட்டுல வரும்?”

“மைதானத்தைச் சுத்தித்தானே சார் மரம் நிக்குது. ஸ்போர்ட்ஸ் தண்ணிதானே அது குடிக்குது” என்று அங்கே இருந்த அம்மா சொன்னார்.

பேருந்தில் வரும்போது யோசித்தேன். எங்கள் மைதானத்தைச் சுற்றி நாற்பத்தொரு தென்னை. தினமும் நடக்கும்போது எண்ணுகிறேன். அந்தத் தேங்காயெல்லாம் யார் கணக்கில் விழுகிறது?

பிப்ரவரி 5

தேங்காய் விழுவது கல்லூரிப் பொதுக் கணக்கில். ஏலம் 48,000. கோடையில் மைதானத்தில் ராட்டினம், அப்பளக் கடையோடு பொருட்காட்சி நடக்கிறதே, அதன் வாடகை 3,40,000. அதுவும் பொதுக் கணக்கில்.

செலவு என்றால் மைதானம் விளையாட்டுத் துறைக்குச் சொந்தம், வரவு என்றால் கல்லூரிக்குச் சொந்தம். நல்ல ஏற்பாடு.

சர்க்கரை 152.

பிப்ரவரி 7

வவுச்சர்களைப் பிரித்துப் போட்டேன். ஜெபக்கனி சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ‘அலமாரியில இருக்கு சார், எல்லாம் வருச வாரியா இருக்கு’ என்றதோடு சரி. வேறு யாராவது என்றால் அழுது புலம்பியிருப்பார்கள்.

உண்மையான விளையாட்டுச் செலவு: பத்துப் பிள்ளைகள் விடுதிச் சாப்பாடு, ஆளுக்கு மாதம் மூவாயிரம், பத்து மாதம், ஆக 3,00,000. போட்டிப் பயணம் 1,10,000. பந்து, மட்டை, வலை, சீருடை 90,000. மைதானப் பராமரிப்பு 60,000. கூட்டினால் ஐந்து லட்சத்து அறுபதாயிரம்.

மீதி எட்டு லட்சத்து அறுபதாயிரம்? பட்டமளிப்பு விழாப் பந்தல். ஆய்வுக்குழு வந்தபோது மரத்தடி விருந்து. நிறுவனர் நாள் அன்னதானம். வாணவேடிக்கை. ஜெனரேட்டர் வாடகை. எல்லாம் மைதானத்தில் நடந்தவை. 

எங்கள் விளையாட்டுத் துறையின் உண்மையான வரவு 5,98,000. செலவு 5,60,000. முப்பத்தெட்டாயிரம் லாபம்! ஐந்து கல்லூரியில் லாபம் காட்டுவது இது ஒன்றுதான் போலிருக்கிறது. (நான்கு. அண்ணாச்சி சொன்ன நாலாவது கல்லூரியில் கணக்கே கிடையாது, கேட்டதற்கு என்னை முறைத்தார்கள்.)

இந்தப் பழக்கம் எந்த வருடம் தொடங்கியது என்று மட்டும் பார்த்துவிட்டால் முடிந்தது. நாளை மறுநாள் பழைய கட்டுகளைப் பிரிக்க வேண்டும். பிள்ளையார் சுழி போட்ட மகானுபாவர் யார் என்று பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 9

சர்க்கரை 155. நடை இல்லை.

பிப்ரவரி 10

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11

சர்க்கரை 139. நடை இல்லை. செண்பகம் “என்ன, முகம் சுண்டிக் கெடக்கு? காலேஜ்ல யாரும் ஏசுனாங்களா?” என்று கேட்டாள். யாரும் ஏசவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 13

சால்வையைப் பீரோவில் வைத்தாயிற்று. குளிர் அவ்வளவாக இல்லை.

மைதானத்துக்குப் போனேன். ஜெபக்கனி கோடு போட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு வாளியை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனபின், சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

“மேடம், இந்தப் பந்தல் செலவையெல்லாம் உங்க கணக்குல முதல்ல எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் நிமிரவில்லை. “பொன்விழா வருசம் சார். ரெண்டு லட்சத்து எம்பதாயிரம். பந்தலும் சாப்பாடும்.”

“அதான் யாரு?”

“பேர் யாரு சார் பாக்கா? ஆனா கையெழுத்து அழகா இருக்கும். முத்து முத்தா.”

பேச்சை மாற்றி, சுண்ணாம்பு கிலோ என்ன விலை என்று கேட்டேன். பன்னிரண்டு ரூபாயாம்.

பிப்ரவரி 14

ஒரு நியாயத்துக்காக எழுதி வைக்கிறேன். பெரிய விழாவில் நிதிக்குழுத் தலைவருக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, சமையல்காரர் வாசலில் நிற்கிறார். ஏதாவது ஒரு தலைப்பில் எழுதித்தான் ஆக வேண்டும். ‘மைதானத்தில் நடந்ததால், விளையாட்டுத் துறைக் கணக்கில்’ என்று ஒரு வரி எழுதிய அந்த மனிதர், அலுவலகம் அதையே முன்மாதிரியாகப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் எழுதும் என்று கனவா கண்டார்?

அவர் பொதுவாக நேர்மையானவர் என்று கேள்வி.

பிப்ரவரி 19

அண்ணாச்சி போனில். “அறிக்கை எப்பிடி போகுது சார்? ஜூன்லேர்ந்து நீங்க ஒக்காரப்போற நாற்காலிக்கு மெத்தை மாத்தச் சொல்லிருக்கேன்.”

சர்க்கரை 161.

பிப்ரவரி 25

பல்கலைக்கழக அளவிலான பூப்பந்துப் போட்டி, மகளிர் கல்லூரியில். புள்ளிவிவரம் கேட்பதற்காக நான் எப்படியும் அங்கே போக வேண்டியிருந்தது. எந்தப் புள்ளிவிவரம் என்று செண்பகம் கேட்டாள். சொன்னாலும் அவளுக்குப் புரியாது.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் பொறியியல் கல்லூரிக்கும். அவர்கள் பக்கம் இரண்டு பயிற்சியாளர், ஒரு பிசியோ, ஐஸ் பெட்டி, இளநீர் மூட்டை. எங்கள் பக்கம் ஜெபக்கனி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் எலுமிச்சை சர்பத், நான்.

முதல் செட் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால் வெற்றி. முத்துப்பேச்சி பின்னால் ஓடி, முழங்கால் தேய விழுந்து ஒரு பந்தை எடுத்தாள். அது வலையின் மேல் நாடாவில் உட்கார்ந்தது. சத்தியமாக உட்கார்ந்தது, நான் பார்த்தேன். பிறகு எங்கள் பக்கமே விழுந்தது. அடுத்ததும் போயிற்று.

இரண்டாம் இடம். தொண்டை கட்டிக்கொண்டது. அங்கே தூசி அதிகம். மத்தியஸ்தரிடம் நான் ஏதோ சொன்னதாகவும், மஞ்சள் அட்டை காட்டுவேன் என்று அவர் எச்சரித்ததாகவும் பேச்சு அடிபடுகிறது. நான் கோட்டின் அகலம் பற்றித்தான் விளக்கம் கேட்டேன்.

பிப்ரவரி 26

வகுப்பில் முத்துப்பேச்சி தூங்கினாள். எழுப்பவில்லை.

மார்ச் 3

சர்க்கரை 144. எட்டுச் சுற்று.

நடந்துகொண்டிருக்கும்போது முத்துப்பேச்சி கூடவே வந்தாள். முழங்காலில் இன்னும் கட்டு.

“சார், ஒண்ணு கேக்கலாமா? ஹாஸ்டல நிறுத்தப்போறாங்களாமே?”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்லுதாங்க. எங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சா நல்லா இருக்கும் சார். எங்க ஊருக்கு பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஹாஸ்டல் இல்லன்னா எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல எனக்கும் சேத்து சொல்லி வைக்கணும். கடைசி நேரத்துல போனா எடுக்க மாட்டாங்க.”

அழவில்லை. பேருந்து நேரம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். நான் இன்னும் முடிவாகவில்லை என்றேன். சரிங்க சார் என்று ஓடிப்போய் வலை கட்டத் தொடங்கினாள். எனக்கு அதன்பிறகு சுற்று எண்ணிக்கை தவறிவிட்டது. எட்டு என்று எழுதியது உத்தேசம்.

மார்ச் 10

அறிக்கை முடிந்தது. இருபத்திரண்டு பக்கம், ஏழு அட்டவணை, என் கையாலேயே எழுதிய முகப்பு. விடுதியை நிறுத்த முகாந்திரமே இல்லை என்று எண்களே பேசுகின்றன.

பதினேழாம் பக்கத்தில் ‘இந்த நடைமுறையின் தொடக்கம்’ என்று ஒரு துணைத்தலைப்பு. அதன் கீழ்: ‘உரிய ஆவணம் கிடைக்கவில்லை.’

அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற எண்களே போதும். ஆறு வருடம் முன்பு யார் எழுதினார் என்பது ஆய்வுக்கு அவசியமில்லாத தகவல்.

செண்பகத்திடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். “நல்லா இருக்கு. ஆவணம் கெடைக்கலன்னு போட்டிருக்கியளே, அப்ப உங்க பையில இருக்கது என்ன?”

என் பையை அவள் ஏன் குடைகிறாள் என்று கோபம் வந்தது. சாப்பாட்டு டப்பா எடுக்கத்தானாம்.

மார்ச் 14

நிர்வாகக் குழு. பதினொரு பேர். ஜெபக்கனி மேடமும் அழைக்கப்பட்டிருந்தார். மேசைக் கோடியில், கழுத்தில் விசிலைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார்.

நான் வாசித்தேன். நீச்சல் குளத்துக்குத் தலையாட்டினார்கள். தையல் இயந்திர வலைக்குச் சிரித்தார்கள். தென்னைக்கு நிமிர்ந்தார்கள். லட்டு, பந்தல், வாணவேடிக்கை என்று பட்டியல் வாசித்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டாயிரம் லாபம் என்றதும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பு என்று தெரிந்தால் ஒத்துக்கொள்கிற மனிதர்தான் அவர், ஆனால் யாராவது ஒருவரை ஏசாமல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“அப்ப ஆறு வருசமா நம்மள ஒருத்தர் முட்டாளாக்கிருக்காங்க. எந்தப் புத்திசாலி சார் இத ஆரம்பிச்சது?” பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். “ஆவணம் கெடைக்கல. ம். ஆனா எல்லா வவுச்சர்லயும் கையெழுத்து இருக்குல்லா? மேடம், நீங்கதான போட்டிருக்கிய? லட்டுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியல? இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

ஜெபக்கனி எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால்கூட நான் குனிந்து பேப்பரைப் புரட்டியிருப்பேன். அவர் என் இருபத்திரண்டு பக்கத்தைக் காப்பாற்றுகிறவர்போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, “கையெழுத்து என்னோடதுதான் சார்” என்றார்.

நான் பையைத் திறந்து அந்த வவுச்சரை எடுத்து மேசையில் வைத்தேன்.

“ஆவணம் இருக்கு அண்ணாச்சி. பொன்விழா வருசம். இத எழுதுனது நான். மேடம் அன்னைக்கே கேட்டாங்க, இது எப்படி சார் என் கணக்குல வரும்னு. பெரிய விழா, இப்ப போடுங்க, அடுத்த மாசம் மாத்திரலாம்னு நான்தான் சொன்னேன். மாத்தல. மாத்தியிருந்தா நீங்க எனக்குச் சால்வை போட்டிருக்க மாட்டிய.”

அந்தக் கடைசி விவரத்தை இந்த டைரியில்கூட நான் எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அண்ணாச்சி வவுச்சரை வெகுநேரம் பார்த்தார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார். அடுத்த பொருளுக்குப் போகும்முன் முடிவைச் சொன்னார்: விடுதி தொடரும், தென்னையும் பொருட்காட்சியும் இனி விளையாட்டுத் துறைக்கு, லட்டு பொதுக் கணக்குக்கு. நாற்காலி பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

மார்ச் 16

நிதி அலுவலராக இயற்பியல் துறைக்காரர் வருகிறாராம். அவருக்குப் பற்று எது வரவு எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மெத்தை மாற்றியாயிற்று.

அண்ணாச்சி மில்லுக்குப் போய்ச் சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. “கொண்டு போங்க சார். துணி என்ன தப்பு பண்ணுச்சு?” என்றார். மோர் கொடுத்தார். இந்த முறை உப்பு கொஞ்சம் அதிகம்.

மார்ச் 17

சர்க்கரை 133.

காலையில் மைதானத்தில் ஜெபக்கனி மேடத்திடம் போய் நின்றேன். மூன்று நாளாக மனதில் எழுதி வைத்திருந்த மன்னிப்பு வாசகம் ஒன்று இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

“அத விடுங்க சார். பந்துப் பெட்டிய மூட ஒரு துணி வேணும். சாக்குப் போட்டா பனி எறங்கிருது. ஓரளவு கெட்டியா ஏதாவது இருந்தா கொண்டு வாங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். சரிகைக் கரையோடு பெட்டியின் மேல் கச்சிதமாகப் பொருந்தியது. முத்துப்பேச்சி “பந்துக்கெல்லாம் பொன்னாடையா சார்?” என்றாள். ஏப்ரலில் திண்டுக்கல்லில் மாநிலப் போட்டி. அணி மேலாளர் என்று என் பெயரை எழுதியிருக்கிறார் மேடம். என் செலவு எந்தக் கணக்கில் என்று கேட்டேன். உங்க கணக்குலதான் சார் என்றார்.

மார்ச் 30

நாளை டாக்டரிடம் இதைக் காட்ட வேண்டும். அதனால் ஒரு திருத்தக் குறிப்பு. கணக்குப் பதிவியலில் இது முறையானதுதான்.

ஜனவரி 16, ஜனவரி 27, பிப்ரவரி 11 ஆகிய நாட்களில் எழுதிய எண்கள் சரியல்ல. உண்மையான எண்கள் எனக்கு ஞாபகமில்லை.

இதைச் செண்பகத்திடம் சொல்லலாமா என்று அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். கண் காலண்டரில் விழுந்தது. பால் கணக்கென்று மூன்று மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்த எண்கள். பழைய தாள்களைப் புரட்டினேன். ஜனவரி 16-ஆம் தேதிக் கட்டத்தில் 212. ஜனவரி 27-இல் 196. பிப்ரவரி 11-இல் 221, பக்கத்தில் ‘சாப்பிடவே இல்லை’ என்று ஒரு குறிப்பு. நேற்றைய கட்டத்தில் 126.

“தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?” என்றேன்.

“நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன்” என்றாள், அரிசி களைந்துகொண்டே. பிறகு, என் கையிலிருந்த டைரியை எட்டிப் பார்த்து, “மூணுன்னா எழுதியிருக்கிய? நாலு” என்றாள்.

எது நான்காவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவள் ஜனவரித் தாளைப் புரட்டி நாலாம் தேதிக் கட்டத்தைக் காட்டினாள். 182 என்ற எண்ணின் கீழ், அவளுடைய கோணல் எழுத்தில், ‘இட்லி 6’ என்று இருந்தது.

ஆறுதான்.